ஊசி போடாத டாக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பீடோங் பட்டணத்தில் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். நம் நண்பர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். லாரி ஓட்டுகிறவர். பாடாங் பெசாரிலிருந்து ஜொகூர் வரை அவருக்குத் தெரியாத சாலை கிடையாது. வழக்கமாக அவர் வந்தால் கடையே கலகலக்கும். அன்றைக்கு தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தாரே தவிர, குடிக்கவில்லை.

"அண்ணே, ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் படிச்சு டாக்டர் ஆனா, அது எந்த டாக்டர்? ஊசி போட முடியுமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். நண்பர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய மூத்த மகள் கணினியியலில் பட்டப்படிப்பை நல்ல தேர்ச்சியோடு முடித்துவிட்டாள். கூலிம் ஹைடெக்கில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு அழைத்திருக்கிறது. மாதச் சம்பளம், சாப்பாட்டுப் படி, வீட்டிலிருந்தே போய் வரலாம். அதே வாரத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர், "நீ ஆராய்ச்சிக்கு வா. முதுகலை முடி, அப்புறம் பி.எச்.டி. செய், நீயும் விரிவுரையாளராகலாம்" என்று சொல்லியிருக்கிறார். மகளுக்கு அங்கேதான் மனசு. அம்மாவோ, "இருபத்து மூணு வயசு வரைக்கும் படிச்சது போதாதா, இன்னும் ஆறு வருசமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

இதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்த பிறகு, நம் வட்டாரத்தில் டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க வேண்டும். அப்படி இல்லாத டாக்டரை, "அது சும்மா பேருக்கு முன்னாடி போடுறது" என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

"நான் சொன்னா அவ அம்மா நம்ப மாட்டா. பேப்பர்ல வந்தா நம்புவா. நீங்க எழுதுங்களேன்" என்றார் நண்பர். ரொட்டிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். எழுதாமல் இருக்க முடியுமா?

பல்கலைக்கழகத்தில் கணினியியல் போதிப்பவர் என்ன செய்கிறார், அவருடைய வாழ்க்கை எப்படிப் போகும் என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. ஒரு மனிதரைக் காட்டிச் சொல்கிறேன். அவர் பெயர் வைத்தீஸ்வரன் ராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். என் பாட்டனார் கப்பல் ஏறியதும் அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்துதான் என்பதால், இவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ பங்காளி வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் இருக்கும்.

ராஜாராமன் பள்ளிக்கூடம் படித்தது டெல்லியில். அங்கே குடியேறிய நம்மவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் அமைத்துப் பள்ளி நடத்தினார்கள். ஊர் விட்டு ஊர் போன தமிழர்கள் முதலில் கோயில் கட்டுவார்கள், அடுத்து பள்ளிக்கூடம் கட்டுவார்கள் என்பது நம் தோட்டங்களில் மட்டும் நடந்த கதையல்ல. அந்தப் பள்ளியிலிருந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்குப் போய், 1952-இல் பௌதிகத்தில் பட்டம் வாங்கினார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்தொடர்பியல் படித்து 1955-இல் முடித்தார்.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலேயே எண்களைக் கொண்டு கணக்கிடும் கணினி என்று ஒன்றுதான் இருந்தது, அதுவும் கல்கத்தாவில், புள்ளியியல் நிறுவனத்தில். பெங்களூரில் ராஜாராமன் கைவைத்தது வேறு வகை. அனலாக் கணினி என்பார்கள். அதில் எண்ணே கிடையாது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்தான் விடை. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பால் கொட்டகையில் மிதவைக் கருவியை ரப்பர் பாலில் விட்டு, அது எவ்வளவு ஆழம் மூழ்குகிறது என்று பார்த்து, பாலின் கெட்டித்தன்மையைச் சொல்வார்கள் அல்லவா? யாரும் எதையும் எண்ணவில்லை, மிதவை நிற்கும் இடம்தான் விடை. அனலாக் கணினியும் அதே மாதிரிதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த வின்சென்ட் ரைட்அவுட் என்ற பேராசிரியர் பெங்களூரில் அதை அமைத்துக் கொடுத்திருந்தார். அதற்கான சில உறுப்புகளை வடிவமைத்ததுதான் ராஜாராமனின் முதல் ஆராய்ச்சி.

அங்கிருந்து அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போனார். எம்.ஐ.டி.யில் 1959-இல் முதுகலை. எம்.ஐ.டி. இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் நகரில்தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நம் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள், "நானும் ஹார்வர்டில் படித்தவன்" என்று சொன்னால் அது பொய்யில்லை. சரி, கதைக்கு வருவோம். 1961-இல், பெங்களூரில் தமக்கு வழிகாட்டிய ரைட்அவுட்டின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராஜாராமன் பி.எச்.டி. முடித்தார். சூழ்நிலை மாறும்போது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய ஆய்வு அது. அங்கேயே உதவிப் பேராசிரியர் வேலையும் கிடைத்தது.

நம் நண்பரின் மனைவிக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வேலை கிடைத்தவன் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதானே? ராஜாராமன் இருக்கவில்லை. கான்பூரில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்துவிட்டார். அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்தக் கழகத்துக்கு உதவிக்கொண்டிருந்தன. அந்த உதவியில் 1963-இல் வந்து இறங்கியதுதான் ஐ.பி.எம். 1620 என்ற கணினி.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதற்குக் கூட்டல் தெரியாது! கூட்டுவதற்கென்று தனிச் சுற்று அதில் கிடையாது. நாம் சின்ன வயதில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததுபோல, கூட்டல் வாய்ப்பாடு முழுவதையும் அதன் நினைவகத்தில் ஏற்றி வைப்பார்கள். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால், வாய்ப்பாட்டைத் தேடிப் பார்த்து ஏழு என்று சொல்லும். அந்த வாய்ப்பாட்டின் மேல் தவறுதலாக வேறு எதையாவது எழுதிவிட்டால் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். அதன் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள். நீங்கள் காலையில் குடும்பக் குழுவுக்கு அனுப்பும் ஒரு பூப்போட்ட "இனிய காலை வணக்கம்" படம் அதற்குள் நுழையவே நுழையாது.

இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான் கான்பூரில் பாடம் தொடங்கினார்கள். ஹாரி ஹஸ்கி முதலிய மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் கூடவே வந்து கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவின் பல கல்லூரிகள், ஆய்வுக்கூடங்களிலிருந்து ஆட்களை வரவழைத்து, சில நாட்களில் நிரல் எழுதப் பழக்கும் தீவிர வகுப்புகள் நடந்தன. அமெரிக்கர்களுக்குப் பிறகு அந்த வகுப்புகளைத் தோளில் சுமந்தவர் ராஜாராமன்.

அன்றைக்கு நிரல் எழுதுவது எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். திரை கிடையாது. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 கட்டம். எழுத்துக்கு எழுத்து அட்டையில் துளை போட வேண்டும். நூறு வரி என்றால் நூறு அட்டை. அந்தக் கட்டைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். எங்கோ ஒரு காற்புள்ளியை விட்டிருந்தால், தப்பு என்ற சேதியோடு கட்டு திரும்பி வரும். மறுபடியும் வரிசை. வழியில் கட்டு கை தவறி விழுந்தால் அட்டைகளைத் திரும்ப அடுக்குவதற்குள் அழுகை வந்துவிடும். அதனால் அட்டையில் துளை போடுவதற்கு முன்பே, காகிதத்தில் எழுதி, மனதுக்குள் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். கணினி இல்லாமலே கணினி படிக்கலாம் என்பது அவர்களுக்கு வேறு வழியில்லாமல் கிடைத்த பாடம்.

ராஜாராமன் அதையே ஒரு வழியாக மாற்றினார். அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். 1969-இல் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற பாடநூலை எழுதினார். இந்திய மாணவன் தன் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்து வாங்கக்கூடிய விலையில் அது வர வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார். அதன் பிறகு எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட நூல்களிலும் அதே கவனம். கல்லூரியில் கணினியே இல்லாத ஊர்களில், அந்த நூலைப் படித்துக் காகிதத்தில் நிரல் எழுதிப் பழகியவர்கள் ஒரு தலைமுறை உண்டு.

கணினியியல் என்று தனியாக ஒரு படிப்பு வேண்டுமா என்று உலகமே யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் அதற்கெனத் தனித் துறை தொடங்கியது 1962-இல். ஸ்டான்போர்டில் 1965. கான்பூரில் முதுகலை மாணவர்கள் கணினியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க ராஜாராமனும் சகாக்களும் வழி செய்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். 1978-இல் இளங்கலைப் படிப்பும் அங்கே வந்தது. இன்போசிஸ் நாராயண மூர்த்தி முதுகலை படித்துப் போனது இந்தக் கான்பூரில்தான். மாணவர்களில் சிலர் கோடிக்கணக்கில் சம்பாதித்தார்கள். வாத்தியார் வாத்தியாராகவே இருந்தார். 1976-இல் பட்நாகர் விருது, 1998-இல் பத்மபூஷண் என்று மரியாதைகள் வந்தன. அவை சீக்கிரம் சொல்லிக் கடக்க வேண்டியவை என்பது என் கருத்து.

விருதுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எம்.சி.ஏ. படிப்பு. தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் உள்ளவர்களுக்கு இந்த மூன்றெழுத்து நன்றாகத் தெரியும். எழுபதுகளின் முடிவில், கணினித் துறைக்கு எத்தனை ஆட்கள் தேவைப்படுவார்கள் என்று பார்க்க இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் ராஜாராமன். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களை மட்டும் நம்பினால் ஆள் போதாது என்பது குழுவுக்குத் தெரிந்தது. பி.எஸ்ஸி. படித்தவனும் பி.காம். படித்தவளும் மூன்று ஆண்டு படித்து இந்தத் துறைக்குள் வரலாம் என்று ஒரு புதுப் படிப்பைப் பரிந்துரைத்தார்கள். 1982-இல் அது தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் பொறியியல் இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு, கணினித் துறையின் பின்வாசல் திறந்தது. பின்வாசல் என்று நான் சொன்னாலும், உள்ளே போனவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் அதுதான் முன்வாசல்போல் ஆகிவிட்டது. கணினி நிறுவனம் நடத்துகிறவருக்குத் தமக்கு வேண்டிய ஐம்பது பேரைத் தேடத்தான் நேரம் இருக்கும். இன்னும் யார் யாரெல்லாம் இதற்குள் வரலாம் என்று உட்கார்ந்து யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவர் பல்கலைக்கழக ஆசிரியர்.

அதே 1982-இல் ராஜாராமன் பெங்களூருக்கே திரும்பினார். தாம் மாணவராக மின்னழுத்தத்தை அளந்துகொண்டிருந்த அதே கழகத்தில், 1994 வரை மீக்கணினிக் கல்வி, ஆய்வு மையத்தைக் கட்டி வளர்த்தார். வெளிநாட்டிலிருந்து மீக்கணினி வாங்குவது சிக்கலாக இருந்த நேரத்தில், இந்தியாவே அதைச் செய்யலாம் என்று பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அதிலிருந்து பிறந்த சி-டாக் நிறுவனம் 1991-இல் 'பரம்' கணினியைக் கொண்டுவந்தது. பிறகு பெங்களூரிலேயே ஜவாஹர்லால் நேரு மையத்தில் பேராசிரியர். எண்பது வயது தாண்டியும் எழுதினார். 2025 நவம்பரில், 92 வயதில் காலமானார்.

இதையெல்லாம் ஒட்டுக்கடையில் சுருக்கமாகச் சொன்னபோது நண்பர் கேட்டார். "அதெல்லாம் அந்தக் காலம்ணே. இப்ப நிரலையே ஏஐ எழுதிடுதாமே. இவ ஆறு வருசம் படிச்சு முடிக்கிறப்ப சொல்லிக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்?"

நியாயமான பயம். ஆனால் ராஜாராமன் எழுதிய நூல்களை வரிசையாகப் பாருங்கள். அனலாக் கணினி பற்றி எழுதினார், அந்த இயந்திரம் காட்சியகத்துக்குப் போய்விட்டது. துளையட்டையில் போட்ட ஃபோர்ட்ரான் மொழி பற்றி எழுதினார், அந்த அட்டையின் காலமே முடிந்துவிட்டது. அதன் பிறகு எண்முறைக் கணக்கு, அலுவலகத் தகவல் அமைப்புகளை வடிவமைப்பது, பல செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இணைக் கணினிகள் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரே ஆயுளில் அவர் காலடியில் இருந்த தரை நான்கைந்து முறை மாறியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு மாற்றமும் வேலை இழப்பு. அவருக்கு ஒவ்வொரு மாற்றமும் அடுத்த புத்தகம்.

இதற்காக, நண்பரின் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போகட்டும் என்று நான் சொல்லிவிடவில்லை. ராஜாராமனுக்குக் காலமும் கை கொடுத்தது. அவர் திரும்பி வந்தபோது புதுக் கழகங்கள் முளைத்துக்கொண்டிருந்தன, பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் தேடினார்கள். இன்றைக்கு பி.எச்.டி. முடித்தவுடன் நிரந்தரப் பதவி காத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கூலிம் சம்பளமும் ஆராய்ச்சி மாணவிக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் ஒன்றாகாது. ஆறு வருடத்தில் அந்த வித்தியாசம் ஒரு கார் விலை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தியாகம், இலட்சியம் என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

ஆகவே அவளிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். அந்த விரிவுரையாளர் கையில் ஆராய்ச்சிப் பணம் இருக்கிறதா, அது எத்தனை மாதத்துக்கு? அவரிடம் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பணம் இல்லை, ஆர்வம் மட்டும் இருக்கிறது என்றால் கூலிமுக்குப் போகட்டும். இரண்டு வருடம் வேலை செய்து, தொழிற்சாலையில் கண்ட ஒரு நிஜப் பிரச்சினையோடு ஆராய்ச்சிக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் இருக்கிறது, முன்னால் போனவர்கள் ஒழுங்காக முடித்திருக்கிறார்கள் என்றால், அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். "ஏம்மா, உனக்கு வாத்தியார் வேலை ஏன் பிடிச்சிருக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கோயில் மண்டபத்தில் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஒரே ஒரு மடிக்கணினி. ஆளுக்குப் பத்து நிமிடம். மற்ற நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கிறார்கள். "யார் முதல்ல மடிக்கணினியைத் தொடுறதுன்னு சண்டை மாமா. அதனால, தப்பில்லாம நோட்டுல எழுதினவங்களுக்குத்தான் முதல் இடம்னு சொல்லிட்டேன்."

கான்பூரையும் துளையட்டையையும் பற்றி அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் கைக்கு வரும் என்பதால், எழுதியதைப் புதன்கிழமையே படமெடுத்து நண்பரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பி வைத்தேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. "அம்மா படிச்சிட்டாங்க. உதவித்தொகை எவ்வளவுன்னு நாளைக்குப் போன் போட்டுக் கேக்கச் சொல்றாங்க."